பயன்பாட்டில் இல்லாத அறை

போன வாரம் நிழல்காரியை ஒரு சாவியோடு நிறுத்திவிட்டுப் போனோம். அத்தையின் மெழுகுப் பெட்டிக்குள், கடைவாய்ப் பற்களுக்கு அடியில் கிடந்த புத்தம்புதுச் சாவி அது. வீட்டிலுள்ள ஏழு பூட்டுகளிலும் போட்டுப் பார்த்தாள். எதிலும் திரும்பவில்லை. சைக்கிள் பூட்டில்கூடப் போட்டுப் பார்த்தாள் என்பதை அவளாக யாரிடமும் சொல்ல மாட்டாள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்த வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நான்கு பேர். அப்பா ஆவணக் காப்பகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, பின் அறையில் உட்கார்ந்து மூன்று பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறாள். தெருவுக்கே அவள் பல் அத்தை. இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவேலை.

நான்காவது ஆள், மகள். கிழக்கே உள்ள மேட்டில் ஒன்பது காற்றாலைகள் வரப்போகின்றன. அவை வருவதற்கு முன் யாருக்கு, எதற்கு, என்ன கெடுதல் வரும் என்று பார்த்து எழுதும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பறவைகளை எண்ண ஒருவர், சத்தத்தை அளக்க ஒருவர் இருக்கிறார்கள். இவள் நிழலை எண்ணுகிறவள். சூரியன் தாழ்வாக இருக்கும்போது காற்றாலைக்குப் பின்னால் வந்தால், சுற்றுகிற இறக்கையின் நிழல் எதிரே இருக்கும் வீட்டு ஜன்னலுக்குள் விழும். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு விளையாடுவதுபோல இருக்கும். உள்ளே வேலை செய்கிறவருக்குத் தலை கிறுகிறுக்கும். எந்த ஜன்னலில், எந்த மாதம், எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. நிழல்காரி என்ற பெயரை வைத்தது அப்பா.

அவர்கள் வீடும் அந்த நிழல் எல்லைக்குள்தான் இருந்தது. வேலை தொடங்கிய முதல் நாளே நிழல்காரி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். என் வீடு இதில் வருகிறது, எங்கள் தெருக் கணக்கை நான் தொட மாட்டேன் என்று. அந்தத் தெரு, பக்கத்து மேசைக்காரரிடம் போனது. கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பதால் அவருக்கு அலுவலகத்தில் அளவுகோல் என்று பெயர். தேநீர்க் கோப்பையின் விட்டம்கூட அவருக்கு மனப்பாடம்.

வரைவு அறிக்கை வெளியாகி இருபத்தேழு நாட்கள் ஆகியும், நிழல்காரி தன் வீட்டுப் பக்கத்தை மட்டும் திறந்து பார்க்கவில்லை. தன் நேர்மையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் இன்றைக்கு அவளை வசமாக மாட்டிவிட்டது.

*

இன்று வெள்ளிக்கிழமை. வரைவு அறிக்கையைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல இன்றே கடைசி நாள். நூலகக் கூடத்தில் மாலை ஐந்து மணி வரை படிவம் வாங்குவார்கள்.

காலை எட்டே காலுக்கு வீடு எப்போதும்போல இருந்தது. அம்மா பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா கூடத்து மேசையில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். படிவம் என்றால் அவருக்கு உயிர். தெருவில் யாருக்கு எந்த விண்ணப்பம் என்றாலும் இந்த மேசைக்குத்தான் வரும். கொட்டை எழுத்து, கறுப்பு மை, அடித்தல் திருத்தல் கிடையாது. கட்டம் என்று ஒன்று இருந்தால் அதைக் காலியாக விடவும் மாட்டார். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை என்று அவரே சொல்வார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அத்தை பின் அறையில் ஜன்னலோரம் நின்று ஒரு முன்பல்லை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அத்தைக்கு அதில் பதினாறு நிறங்கள். ஒருவருடைய பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக வேண்டும் என்றால் விளக்கு வெளிச்சம் உதவாது, காலை வெயில்தான் சரி. அதனால் எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை அந்த ஜன்னலைவிட்டு அவள் நகர மாட்டாள்.

நிழல்காரி அந்த அறை வாசற்படியில் நின்று, மெழுகுப் பெட்டியைப் பார்க்காததுபோலப் பார்த்தாள்.

"அத்தை, எங்கயாவது போகப் போறீங்களா?"

"பல்லு எங்க போகும்? நான் எங்க போவேன்?" என்றாள் அத்தை, திரும்பாமலே. அவள் சிரிக்கவில்லை. இந்த வீட்டிலேயே அதிகம் சிரிக்கிற ஆள் அவள்தான்.

*

பத்தரை மணிக்கு அலுவலகத்தில் அளவுகோல் தன் தேநீரை ஆற்றிக்கொண்டே, உங்கள் தெருவை முடித்துவிட்டேன், உங்கள் வீட்டுக்குக் கவலையே இல்லை என்றார். நான்காம் காற்றாலையின் நிழல் விழுவது ஒரே ஒரு ஜன்னலில்தானாம். அதுவும் சாமான் அறை ஜன்னலாம். ஆள் இல்லாத அறைக்குக் கணக்கு வேண்டியதில்லை என்று விட்டுவிட்டாராம்.

"எங்க வீட்ல சாமான் அறையே கிடையாதே" என்றாள் நிழல்காரி.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருபத்தேழு நாட்களாகத் திறக்காத பக்கத்தைத் திறந்தாள். வீட்டுக்காரர்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் நகல் அதில் இருந்தது. கறுப்பு மையில் கொட்டை எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

பின் அறை: சாமான் அறை. பயன்படுத்துபவர்: எவருமில்லை. பயன்பாட்டில் இல்லை.

பன்னிரண்டு வருடமாக ஒரு மனுஷி உட்கார்ந்து உழைக்கிற அறை அது. காலை எட்டேகாலுக்கு அந்த ஜன்னலில் இறக்கை நிழல் சுற்ற ஆரம்பித்தால் பதினாறு வெள்ளையில் ஒன்றுகூட மிஞ்சாது. அத்தையின் பிழைப்பே போய்விடும்.

பேனாவை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள். தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தானே.

மேலாளரிடம் ஓடினாள். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, நீ தொடாதே, நான் தொட்டாலும் தப்பு என்றார். அறையைப் பயன்படுத்துகிறவர் நேரில் வர வேண்டும், தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பயன்படுத்துவதற்கு ஏதாவது ஓர் ஆதாரம் காட்ட வேண்டும், ஐந்து மணிக்குள் இதெல்லாம் நடக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சொல்வதை மட்டும் எந்த விதியும் தடுக்கவில்லை என்று சொல்லி, அரை நாள் விடுப்பில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

*

அப்பா முதலில் நம்பவில்லை. தன் படிவத்தில் தவறா என்று கேட்ட குரலில், சூரியன் மேற்கே உதித்ததா என்று கேட்கிற தோரணை இருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து வீட்டு வரைபடத்தை எடுத்து வந்து விரித்தார். முப்பது வருடத்துக்கு முன் வீடு கட்டும்போது முத்திரை வாங்கிய நீல வரைபடம் அது. பின் அறை இருக்கும் இடத்தில் சாமான் அறை என்று அச்சடித்திருந்தது.

"பாரு. நான் இஷ்டத்துக்கா எழுதினேன்? இதைப் பார்த்துதான் எழுதினேன்."

வீட்டைப் பற்றிக் கேட்ட படிவத்தை, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வரைபடத்தைப் பார்த்து நிரப்பியிருக்கிறார். சாமான் அறை என்று எழுதியான பிறகு, பயன்படுத்துபவர் யார் என்று அடுத்த கட்டம் கேட்டிருக்கிறது. சாமான் அறையில் யார் இருப்பார்கள்? காலியாக விடவும் மனசு வராது. எவருமில்லை என்று எழுதிவிட்டார். பக்கத்து அறையில் அத்தை பல் ராவிக்கொண்டிருந்த சத்தம் அப்போதும் கேட்டிருக்கும்.

நிழல்காரி அவரையே பார்த்தாள். அவர் கை தானாக வாய்ப்பக்கம் போனது.

இங்கே ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். அப்பாவின் மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் சொந்தப் பற்கள் அல்ல. ஒன்பது வருடத்துக்கு முன் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் போனவை. அத்தை செய்து கொடுத்த செட் தான் இருக்கிறது. போன வருடம் பழையது தளர்ந்துபோய் இன்னொன்று செய்து தந்தாள். வீட்டுக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது. இந்த வயதிலும் பல் முத்து மாதிரி இருக்கிறதே என்று யாராவது சொன்னால், சின்ன வயதிலிருந்தே ஒழுங்காகத் தேய்ப்பேன் என்று கூசாமல் சொல்வார்.

அவர் வரைபடத்தை மெதுவாக மடித்தார். புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். நானே திருத்தி எழுதிவிடுகிறேன் என்றார்.

"உங்களால முடியாதுப்பா. அத்தைதான் எழுதணும். நீங்க போய்க் கேக்கணும்."

படிவம் நிரப்புவது என்றால் அவர் இரண்டு ஊர் தாண்டிப் போவார். கேட்பது என்றால் பத்தடி தூரமே அவருக்கு அதிகம். ஆனாலும் போனார். பின் அறைக் கதவைத் தட்டினார்.

"எங்க குத்துது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பகலில் அண்ணன் அந்தக் கதவைத் தட்டினால் அது பல்லுக்காகத்தான் இருக்கும் என்று அத்தைக்குத் தெரியும். ஒன்பது வருடத்துப் பழக்கம்.

"பல்லு இல்லம்மா" என்றார் அவர்.

கதவு திறந்தது. அவர் கையில் இருந்த படிவத்தை அத்தை பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. காரணம், அவளுக்கு ஏற்கெனவே தெரியும். வரைவு அறிக்கை வந்த இரண்டாவது வாரமே நூலகத்தில் அதைப் புரட்டியிருக்கிறாள். மருமகள் வேலை பார்த்த புத்தகமாயிற்றே என்று ஆசையாகத் திறந்தவள், தன் தெருவைத் தேடி, தன் வீட்டைத் தேடி, தன் அறையைத் தேடியிருக்கிறாள்.

"உன் கையெழுத்துதான் அண்ணா. எத்தனை அழகா எழுதியிருந்தே. எவருமில்லைனு."

அத்தை அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் வரைபடத்தைக் காட்டியிருப்பார். அவள் கோபப்படவில்லை. மெழுகுப் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். பல் டாக்டர் ஒருவரின் கட்டடத்தில் பின்பக்கம் ஓர் அறை இருக்கிறதாம். கிழக்கு ஜன்னலாம். ஒன்றாம் தேதி முதல் அங்கே போய்விடப் போகிறாளாம். வேலைக்கு மட்டும் இல்லை, இருக்கவும்தான். போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம்.

நிழல்காரிக்கு அழுகை வந்தது. ஏழு பூட்டுகளில் போட்டுப் பார்த்த சாவி, இந்த வீட்டைவிட்டு வெளியே போவதற்கான சாவி என்று அவள் நினைக்கவே இல்லை. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஊரிலுள்ள ஜன்னலையெல்லாம் எண்ணியவள், பக்கத்து அறை ஜன்னலை எண்ணாமல் விட்டுவிட்டாள்.

அப்பாவோ வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது என்று ஒரு தடவை சொன்னார்.

"ஒம்பது வருஷமா இந்தக் கதவைத் தட்டி, பல்லு ஆடுதுனு நிக்கிறது யாரு, வரைபடமா?" என்றாள் அத்தை.

*

மூன்றே முக்காலுக்கு வாசலில் பேருந்துச் சத்தம் கேட்டது. கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு அம்மா வந்துவிட்டாள். நிழல்காரி மத்தியானமே அவளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அம்மா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே பின் அறைக்கு வந்தாள். கணவரைப் பார்த்தாள், மேசையில் இருந்த சாவியைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது பிள்ளைகளைத் தினமும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவளுக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

"பல் டாக்டரம்மா, கோபத்தைச் சாயங்காலம் வெச்சுக்கலாம். இவரை நானும் சேர்ந்து திட்டறேன், எனக்கும் நிறைய பாக்கி இருக்கு. அஞ்சு மணிக்குக் கூடத்தை மூடிடுவாங்க. கிளம்பு."

"நான்தான் போகப் போறேனே அண்ணி. இந்த அறைல நிழல் விழுந்தா என்ன, விழாட்டி என்ன?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அத்தையின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போறது உன் இஷ்டம். போறவ, இங்க இருந்தேன்னு எழுதிட்டுப் போ. எவருமில்லைன்னு எழுதின அறைலேருந்து எப்படிக் கிளம்புவே?"

அத்தை கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, கையில் ஒட்டியிருந்த, செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறத் தூளைக்கூடத் துடைக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நூலகத்தைத் தாண்டித்தான் பேருந்து கொட்டகைக்குப் போக வேண்டும், அதனால் இதில் விதிமீறல் ஒன்றும் இல்லை என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளுக்கான இருக்கைகளில் பெரியவர்கள் மூவரும் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தார்கள். பெல்ட் போடாமல் வண்டி நகராது என்று ஓட்டுநர் சொல்லிவிட்டாள். அப்பாவின் பெல்ட் பாதி வயிற்றோடு நின்றுவிட்டது, அதன் நுனியைக் கையால் பிடித்துக்கொண்டு சமாளித்தார். முன் இருக்கையின் முதுகில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டியிருந்த மீன் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டாவது திருப்பத்தில் அவர் இருக்கையிலிருந்து சறுக்கிப் பாதையில் உட்கார்ந்தபோது அத்தை சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அடக்க முடியவில்லை. சிரித்ததற்காக அவள் அவரை இன்னும் முறைத்தாள்.

*

நூலகக் கூடத்தில் கடைசி நாள் கூட்டம். சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்பது சிவப்புக் குண்டூசிகள் குத்தியிருந்தன. மேசைக்குப் பின்னால் அளவுகோல் உட்கார்ந்திருந்தார். நிழல்காரி வாசல் பக்கமாகவே நின்றுகொண்டாள், மேசைக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று. அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

வரிசை நகர்ந்து அத்தையின் முறை வந்தபோது மணி நான்கு நாற்பது. பின் அறையைப் பற்றிய பதிவைத் திருத்த வேண்டும் என்றாள். அளவுகோல் புதுப் படிவம் கொடுத்தார். பயன்படுத்துபவர் என்ற இடத்தில் அத்தை தன் பெயரை எழுதினாள். ரோஸ் நிறக் கட்டைவிரல் ரேகை ஒன்று ஓரத்தில் பதிந்தது. காற்றாலையே வேண்டாம் என்கிறீர்களா என்று அவர் கேட்டார்.

"அப்படி நான் சொல்லவே இல்ல. நல்லா சுத்தட்டும். நான் நிறம் பாக்கற நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் நிக்கட்டும்."

அது நடக்கக்கூடியதுதான் என்றார் அளவுகோல். ஆனால் அறை பயன்பாட்டில் இருப்பதற்கு ஆதாரம் வேண்டும். டாக்டர்கள் அனுப்பும் சீட்டு, ரசீது, ஏதாவது ஒன்று.

எல்லாம் வீட்டு அலமாரியில் இருந்தன. அவசரத்தில் ஒன்றும் எடுத்து வரவில்லை. போய் வர அரை மணி நேரம் ஆகும். கடிகாரம் நான்கு நாற்பத்தாறு காட்டியது. நிழல்காரி கைகளைப் பிசைந்தாள். அத்தை படிவத்தைப் பார்த்தபடி, போகட்டும் விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்பா அவளை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து சலவைக் கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். தெருக்காரர்கள் ஆறேழு பேர் பின்னால் நின்றார்கள், அதில் காலையில் படிவம் நிரப்பிக்கொண்டவரும் ஒருவர். அப்பா இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, முன்பற்கள் நான்கையும் கழற்றி, கைக்குட்டையின் நடுவில் வைத்தார்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என் தங்கச்சி செஞ்சது" என்றார். முன்பல் இல்லாத வாயில் காற்றுதான் அதிகம் வந்தது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "உள்பக்கம் பாருங்க. மாசம், வருஷம் ரெண்டும் இருக்கும். அந்த அறைலதான் செஞ்சா. எவருமில்லைனு எழுதினது நான். அது தப்பு."

அத்தை செய்கிற ஒவ்வொரு செட்டின் உள்பக்கத்திலும் ஊசி முனையால் மாதமும் வருடமும் கீறி வைப்பாள். பழுதுக்குத் திரும்பி வரும்போது எத்தனை நாள் உழைத்தது என்று தெரிந்துகொள்ளத்தான். அளவுகோல் உருப்பெருக்கியை எடுத்துக் குனிந்து பார்த்தார். போன வருடத்துத் தேதி தெளிவாக இருந்தது. பழக்க தோஷம், ஸ்கேலை எடுத்து ஒரு பல்லை அளந்தும்விட்டார். பிறகு படம் பிடித்து, ஆதாரம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினார்: பற்கள் நான்கு, நேரில் காட்டப்பட்டன.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். முதலில் அப்பாவின் முகம் சிவந்தது, பிறகு அவரும் சிரித்தார். பல்லில்லாத சிரிப்பு. ஒன்பது வருடத்தில் வெளியாட்கள் முன்னால் அவர் சிரித்த முதல் கள்ளமில்லாத சிரிப்பு அதுதான். காலையில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் அத்தையிடம் மெதுவாக, எனக்கும் கீழ்வரிசையில் இரண்டு ஆடுகிறது என்றார்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனின் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்து, மூக்கை உறிஞ்சினாள். பிறகு அந்தச் செட்டை எடுத்து, தன் தண்ணீர் பாட்டிலில் கழுவி, அவர் கையில் கொடுத்தாள்.

"போட்டுக்கோ அண்ணா. பாக்க சகிக்கல."

அளவுகோல் கணினியில் பின் அறை ஜன்னலைச் சேர்த்து நான்காம் காற்றாலையின் கணக்கை ஓட்டினார். வருடத்தில் இரண்டு தடவை, மொத்தம் முப்பத்தொரு நாள் காலை, எட்டு பன்னிரண்டு முதல் எட்டு முப்பத்து நான்கு வரை நிழல் விழும். அந்த நாட்களில் வெயில் அடித்தால், அந்த நேரம் முழுவதும் நான்காம் காற்றாலை நிறுத்திவைக்கப்பட வேண்டும். இதை அறிக்கையில் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார்.

"எனக்காகவா?" என்று கேட்டாள் அத்தை.

"உங்க ஜன்னலுக்காக. திங்கட்கிழமை நேர்ல வந்து அளந்துட்டா முடிஞ்சுது."

அத்தை சுவரிலிருந்த வரைபடத்துக்குப் போனாள். நான்காவது குண்டூசியைக் கண்டுபிடித்தாள். வீட்டைவிட இருபது மடங்கு உயரமான ஒன்று, காற்று எத்தனை அடித்தாலும், அவள் ஒரு பல்லைப் பிடித்து நிறம் பார்த்து முடிக்கிறவரை கை கட்டி நிற்கும். அந்தக் குண்டூசியை விரலால் ஒரு தடவை தொட்டாள். இப்போது சிரித்தாள். அம்மா வெளியே ஹாரன் அடித்தாள்.

படிவத்தின் கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் இந்த அறையின் பயன்பாடு தொடருமா? அத்தை பேனாவைக் கட்டத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். இதை இப்போதே எழுத வேண்டுமா என்று கேட்டாள். வேண்டியதில்லை, அளக்க வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றார் அளவுகோல். நான்கு ஐம்பத்து மூன்று என்று முத்திரை விழுந்தது. நகல் ஒன்று அவள் கைக்கு வந்தது.

*

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா சொன்ன சொல் தவறாமல் அப்பாவைத் திட்டித் தீர்த்தாள். அத்தையும் கூடச் சேர்ந்துகொண்டாள். இருவரும் களைத்துப்போய்த் தேநீர் போட்டார்கள். அப்பா மறுபேச்சில்லாமல் நான்கு கோப்பைகளையும் கழுவினார்.

பிறகு கூடத்து மேசையில் வரைபடத்தை விரித்தார். நிழல்காரி கதவோரம் நின்று பார்த்தாள். அவர் கறுப்புப் பேனாவை எடுத்தார். சாமான் அறை என்ற அச்செழுத்தின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார். அவர் கையால் விழுந்த முதல் அடித்தல் அது. மேலே, தங்கை வேலை அறை என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டார்.

படிவத்தின் நகலும் மேசையில் கிடந்தது. கடைசிக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அவர் அதையே பார்த்தார். பேனா முனை கட்டத்துக்கு மிக அருகில் போனது. தொடரும் என்று ஒரே ஒரு வார்த்தை எழுத அவருக்கு எத்தனை ஆசை இருந்தது என்று அவர் முகத்தைப் பார்த்த மகளுக்குத் தெரிந்தது.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். படிவத்தையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின் அறைக் கதவைத் தட்டினார்.

"எங்க குத்துது?"

"எங்கயும் இல்ல. இதுல ஒரு கட்டம் காலியா இருக்கு."

"தெரியும்."

"நான் எழுதல" என்றார். "நீ எழுது. எதை எழுதினாலும் சரி."

அத்தை இரண்டு தாள்களையும் வாங்கிக்கொண்டாள். வரைபடத்தில் இருந்த அடித்தலை நெடுநேரம் பார்த்தாள். அதை மடிக்கவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு மூலையிலும் மெழுகு வைத்து ஒட்டினாள். படிவத்தை மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் அந்தப் புதுச் சாவியை வைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அளவுகோல் வருவார். அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். இந்த வீட்டு மேசையில் ஒரு கட்டம் காலியாக இருப்பது இதுதான் முதல் தடவை.